சூரியனுக்கு கரன்ட் எங்கிருந்து வருது?

இன்னைக்கு எபிசோட் ஒரு திருத்தம். தப்பு பண்ணது நான், அதனால நானே சொல்லிடறேன்.

நான் படிச்சது எலெக்ட்ரிகல், வேலை பாக்குறது சாஃப்ட்வேர். நம்ம ஊர்ல இது சகஜம்தானே. காலேஜ் மூணாவது வருஷம் ஹாஸ்டல்ல ஒரு வீடியோ பார்த்தேன். சூரியன் உள்ளே அணுக்கரு இணைவெல்லாம் நடக்கல, விண்வெளி வழியா வெளியிலிருந்து பாயுற மின்சாரத்துலதான் அது எரியுது, ஒரு பெரிய பல்பு மாதிரின்னு சொன்னாங்க. நம்ம சப்ஜெக்ட்தான் பிரபஞ்சத்தையே ஓட்டுதுன்னா சும்மாவா? லீவுக்கு வீட்டுக்குப் போனப்போ சித்தி பையன்கிட்ட ஒரு மணி நேரம் அளந்து விட்டேன். அவன் அப்போ ஆறாவது.

போன மாசம் போன் பண்ணான். இப்போ பி.எஸ்சி. இயற்பியல். "அண்ணா, நீ சொன்னதை கிளாஸ்ல சொன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நான் ஃபிசிக்ஸ் எடுத்ததே அன்னைக்கு நீ பேசினதாலதான். அதுல எதுதான் உண்மை?"

பாதி உண்மை. அதுதான் சிக்கலே.

நார்வே நாட்டு விஞ்ஞானி கிறிஸ்டியான் பிர்க்கலாண்ட். துருவப் பகுதியில ராத்திரி வானத்துல பச்சைத் திரை மாதிரி ஆடுமே அரோரா, அதுக்குக் காரணம் தேடி 1902-03ல உறைபனியில ஆய்வு நிலையங்கள் அமைச்சார். லேப்ல காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு பெட்டிக்குள்ள காந்த உருண்டையை வெச்சு, அது மேல எலக்ட்ரான்களைப் பாய்ச்சினார். உருண்டையோட ரெண்டு துருவத்தைச் சுத்தியும் வளையமா ஒளிர்ந்தது. விண்வெளியிலிருந்து பூமியின் காந்தக் கோடுகள் வழியா மின்னோட்டம் இறங்குதுன்னு 1908ல எழுதினார்.

பின்னாடி வந்த சிட்னி சாப்மன் பெரிய கணித மூளை. மின்னோட்டம் மேல் வளிமண்டலத்துக்குள்ளேயேதான் சுத்துதுன்னு அவர் சொன்னார். பல வருஷம் அந்தக் கருத்துதான் செல்லுபடியாச்சு. சாப்மன் முட்டாள் இல்ல. தரையில இருந்து காந்தப்புலத்தை அளந்தா, ரெண்டு பேர் சொன்னதுக்கும் கிட்டத்தட்ட ஒரே ரீடிங்தான் வரும். மேல போய் அளந்தால் ஒழிய தீர்ப்பு கிடையாது.

போனாங்க. அமெரிக்கக் கடற்படையின் ஒரு செயற்கைக்கோள் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல பறந்தப்போ, அரோரா பகுதியைக் கடக்கும்போதெல்லாம் காந்தமானி தடுமாறுச்சு. 1966ல அது வெளியாச்சு. அடுத்தடுத்த வருஷங்கள்ல அது பிர்க்கலாண்ட் சொன்ன மின்னோட்டம்தான்னு உறுதியாச்சு. பத்து லட்சம் ஆம்பியர் அளவுக்குப் பாயுது. நம்ம வீட்டு ஏசிக்கு இருக்கற எம்சிபி 16, 20 ஆம்பியர்லயே ட்ரிப் ஆயிடும். ஆனா பிர்க்கலாண்ட் 1917லேயே இறந்துட்டார்.

வீடியோக்காரங்க இந்தக் கதையைத்தான் காட்டுவாங்க. "அவரையும் நம்பல, எங்களையும் நம்பல." சரி, அவருக்கு வெச்ச அதே பரீட்சையை சூரியனுக்கும் வைப்போமே.

மையத்துல இணைவு நடந்தா நியூட்ரினோ வரணும். அது எதுலயும் மோதாம, எட்டு நிமிஷத்துல நம்மகிட்ட வந்துடும். உங்க கட்டைவிரல் நகத்துல ஒவ்வொரு நொடியும் 6,500 கோடி. ரேமண்ட் டேவிஸ், அமெரிக்காவில ஒரு தங்கச் சுரங்கத்தோட அடியில, டிரை கிளீனிங் பண்ற திரவத்தை ஒரு பெரிய டேங்க்ல நிரப்பி எண்ணிப் பார்த்தார். எதிர்பார்த்ததுல மூணுல ஒரு பங்குதான் வந்தது!

மின்சாரச் சூரியன் ஆளுங்களுக்குக் கொண்டாட்டம். ஆனா 2001, 2002ல கனடாவின் சட்பரி ஆய்வகம் கணக்கைத் தீர்த்தது. நியூட்ரினோக்கள் வழியிலேயே வகை மாறுது. எல்லா வகையையும் சேர்த்து எண்ணினா கணக்கு சரியா வருது. 2014ல இத்தாலியின் போரெக்ஸினோ, சூரியனோட முதன்மை இணைவிலிருந்து வர்ற நியூட்ரினோவையே நேரடியா அளந்தது. சூரிய வெளிச்சத்துக்குத் தேவையான சக்தியோட அது பொருந்துது. 2024 டிசம்பர்ல பார்க்கர் விண்கலம் சூரியனுக்கு 61 லட்சம் கிலோமீட்டர் பக்கத்துல போச்சு. அந்த விண்கலம் அளக்கிறதும் வெளியே வீசுற சூரியக் காற்றைத்தான். சூரியனையே எரிய வைக்கற அளவுக்கு உள்ளே பாயுற கரன்ட் அங்கே இல்ல.

சூரியன் பிளாஸ்மாதான். அதுல மின்னோட்டம் இருக்கு, காந்தப் புயல் இருக்கு. பிளாஸ்மாவை ஆராய்ஞ்ச ஹான்னஸ் ஆல்ஃவேனுக்கு 1970ல நோபலே கிடைச்சது. அடுப்பு மட்டும் உள்ளேதான் எரியுது.

தம்பிகிட்ட இதெல்லாம் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம், "அன்னைக்கே இதை எப்படி அளப்பாங்கன்னு உன்னைக் கேட்டிருக்கணும்ணா"ன்னான்.

எலெக்ட்ரிகல் படிச்சவன் நான். வயர்ல கரன்ட் இருக்கான்னு டெஸ்டர் வெக்காம சொல்லக்கூடாதுன்னு முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தாங்க. ஆறாவது படிக்கிற பையன் அதைக் கேக்கணும்னு நான் எதிர்பார்க்க முடியுமா?

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.