வேலிக்கு வெளியே நடப்பவர்கள்



பதின்மூன்றாம் கட்டை என்று சொன்னால் பசறையில் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. 2021 மார்ச் 20, காலை நேரம். லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பள்ளத்தில் விழுந்தது. குறைந்தது 14 உயிர்கள் போயின. மலையிலிருந்து விழுந்த பாறை பாதையை அடைத்துக் கிடந்தது, எதிரே ஒரு டிப்பர் வந்தது, ஒதுங்கப் போன பஸ் ஓரம் தவறியது. கமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. 2025 செப்டெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் விழுந்தது. தங்காலை நகர சபையில் வேலை செய்தவர்கள் சுற்றுலா வந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். 15 பேர் போய்விட்டார்கள். சாரதி பிழையா, பிரேக் பிழையா, பாதுகாப்பு வேலி போதுமா என்றுதான் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கேட்கிறார்கள்.

வேலி வேண்டும், உடனே வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேலி காப்பாற்றுவது வண்டிக்குள் இருப்பவரை. வெளியே நடக்கிறாளே, அவளை யார் காப்பாற்றுவது? ஒரு பக்கம் மண்மேடும் திறந்த கானும். மறுபக்கம் வேலியும் பள்ளமும். நடுவில் இருப்பதெல்லாம் தார். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறவள், பகலில் கொழுந்து நிறுக்கப் போகிறவள், பாடசாலைக்குப் போகும் பிள்ளை, மூன்று பேரும் எங்கே கால் வைப்பது? ஹோர்ன் சத்தம் கேட்டால் கானுக்குள் இறங்கு என்பதுதான் இன்றைக்கு நமக்கு இருக்கும் ஒரே ஏற்பாடு. மழைக்காலத்தில் கானில் தண்ணீர் பாயும்போது அதுவும் இல்லை.

பஸ் விழுந்தால் அமைச்சர் வருகிறார், விசாரணைக் குழு வருகிறது. நடந்து போனவர் அடிபட்டால், பார்த்துப் போயிருக்கலாமே என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடுகிறது. அந்தச் சொல்லைத்தான் நான் எதிர்க்கிறேன். பார்த்துப் போக அவளுக்கு இடம் எங்கே விட்டீர்கள்?

கோப்பியையும் பிறகு தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்க வெட்டிய மலைப்பாதைகள் இவை. வெட்டியவர்கள் நம் பாட்டன்மார், அவற்றின் ஓரத்திலேயே லயம் கட்டிக் குடிவைக்கப்பட்டவர்களும் அவர்களே. இன்று அதே பாதைக்குக் காபட் போடுகிறார்கள், சந்தோஷம். காபட் போட்ட மறுநாளே வண்டியின் வேகம் கூடுகிறது. நடக்கிறவனுக்கு ஒரு முழம் இடமாவது கூடியதா? மணிக்கு அறுபது கிலோமீற்றரில் வரும் வண்டி பிரேக் பிடித்து நிற்க, முப்பதில் வருவதற்குத் தேவையானதைப் போல நான்கு மடங்கு தூரம் வேண்டும். மூடுபனியில், ஈரத்தில், முடக்கில் அந்தத் தூரம் எங்கே இருக்கிறது? மக்களும் வண்டியும் கலந்து போகும் இடத்தில் வேகம் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் கூடாது என்று 2020இல் ஸ்டொக்ஹோமில் உலக நாடுகளின் அமைச்சர்கள் கூடிப் பிரகடனம் செய்தார்கள். லயத்து வாசலைவிட மக்களும் வண்டியும் கலக்கும் இடம் வேறு எங்கே இருக்கிறது?

சைக்கிளைப் பற்றிப் பேசினால், இந்த ஏற்றத்தில் யார் மிதிப்பது என்று கேட்கிறார்கள். பதுளை நகருக்குள் ஓரளவு சமதரை இருக்கிறது, மிதிக்க ஆசைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சைக்கிள் வாங்கிக் கொடுத்த தகப்பனே, ரோட்டுக்கு மட்டும் கொண்டு போகாதே என்று கையைப் பிடிக்கிறான். குற்றம் ஏற்றத்தின் மேல் இல்லை.

இனி, யாருடைய ரோடு என்ற கேள்வி. பெரிய வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, மாகாண வீதி மாகாணத்துக்கு, லயத்துக்கு ஏறும் பாதை தோட்டக் கம்பனிக்கு என்று ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவழிக்க முடியாது என்று முப்பது வருடம் சொன்னார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. அந்தச் சாக்கு செத்துவிட்டது, தோழர்களே! இனி எவரும் அதைத் தூக்கிக்கொண்டு நம் முன்னால் வரக்கூடாது.

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு லயம் லயமாக ஏறி வந்த உறுப்பினர்களிடம் கேட்கிறேன். சபையின் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் நடைபாதைக்கு ஒரு தலைப்பு போடுங்கள். திறந்த கானுக்குக் கொங்கிறீட் மூடி போட்டால் அதுவே நடைபாதை, புதிதாக மலை வெட்டத் தேவையில்லை. பெரிய வீதி உங்கள் கையில் இல்லையென்றால், அதிகார சபைக்குத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புங்கள். பாடசாலைக்கும் லயத்துக்கும் முன்னால் முப்பது என்ற பலகையும் வேகத்தடையும் கடவையும் வேண்டும். பலகை தமிழிலும் இருக்க வேண்டும். விழுந்த பாறையை அன்றைக்கே அகற்ற ஒரு பொறுப்பான அதிகாரியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் ஒவ்வொரு தோட்டத்து வாசலிலும் ஒட்டப்பட வேண்டும்.

வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வரும் நாளில் பார்வையாளர் பகுதியில் நாம் இருப்போம். தோட்டத்துக்கு இரண்டு பேர் இன்றைக்கே பெயர் கொடுங்கள்.