ஏழு மணி டியூட்டிக்கு சைக்கிளில்

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



கட்டிலுக்காகவும் எக்ஸ்ரே இயந்திரத்துக்காகவும் உங்கள் முன் பலமுறை நின்றிருக்கிறோம். இன்று சைக்கிளைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் சிரிப்பது தெரிகிறது. சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களை உங்களில் பலர் வந்து பார்த்திருக்கிறீர்கள். பொட்டல், செம்மண், தைலமரக் காடு. எங்கள் மருத்துவமனையில் காலை டியூட்டி ஏழு மணிக்கு. அந்நாட்களில் முதல் பஸ் வர ஏழே முக்கால் ஆகும். ஆகவே வார்டு ஆயாமார் முந்தின நாள் கடைசி பஸ்ஸிலேயே வந்து, வராந்தாவில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் பாட்டியிடம் அழுதுகொண்டிருக்கும். ஒருவர் வரத் தவறினாலும் இரவெல்லாம் விழித்திருந்தவர் வீடு திரும்ப முடியாது; களைத்துப்போன அதே கைதான் அடுத்த நோயாளியையும் கவனிக்கவேண்டும்.

1991-ல் மாவட்டமெங்கும் அறிவொளி இயக்கம் வந்தது. ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் பழகிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அங்கன்வாடி ஊழியர், ஆசிரியைகள், செவிலியர், கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் எல்லாரும் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனும் கிடைத்தது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பிள்ளையை முன்கம்பியில் உட்காரவைக்கலாமே என்று அதையே விரும்பினவர்களும் உண்டு.

எங்கள் ஆயா ஒருவரும் வாடகை சைக்கிள் எடுத்து, தம்பி பின்னால் பிடித்துக்கொள்ள, மாலையில் பழகினார். விழுந்து முழங்கை சிராய்த்து எங்கள் டிரெஸ்ஸிங் அறைக்கே வந்தார். "இந்த வயதில் இது தேவையா அம்மா?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை.

அதோடு விட்டோமா? சேலை கட்டிய பெண்கள் சைக்கிளில் வளாகத்துக்குள் வந்தால் ஊரார் பேச்சுக்கு இடமாகும் என்று, கேட்டிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வரவேண்டும் என ஒழுங்கு வைத்தோம். ஆண் ஊழியருக்கு அந்த ஒழுங்கு கிடையாது. இதை உங்கள் முன் சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஓர் ஐப்பசி மாதம். இரவெல்லாம் அடைமழை, பஸ் ஓடவில்லை. பிரசவ வார்டில் மூன்று தாய்மார், ஒரே நர்ஸ். ஏழு அடிக்கச் சில நிமிடம் இருக்கையில் அந்த ஆயா ஒன்பது கிலோமீட்டர் மிதித்து வந்து சேர்ந்தார். முந்தானை இடுப்பில், செருப்பு ஹேண்டில்பாரில். கேட்டில் இறங்கவில்லை, நேரே வார்டு வாசல்வரை ஓட்டி வந்தார். வாட்ச்மேன் எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் வாய் திறக்கவில்லை. அந்த ஒழுங்கை அதன்பின் யாரும் பேசவில்லை.

பிறகு சம்பளத்தில் சிறிது சிறிதாய்ப் பிடித்துக்கொள்ளும்படி சைக்கிள் முன்பணம் கொடுத்தோம். ஜீப்புக்கென்று சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை, கொடுத்தவர்களின் சம்மதத்தோடு, இதற்குத் திருப்பினோம். வராந்தாப் பாய்கள் ஒவ்வொன்றாய்க் குறைந்தன. சேலை செயினில் சிக்கிக் கிழிந்ததும், நடுவழியில் பஞ்சரானதும் உண்டுதான். அதற்காகப் பஸ்ஸுக்குத் திரும்பினவர் ஒருவருமில்லை.

இன்று பல ஊழியர்கள் மொபெட்டில் வருகிறார்கள். 2021 முதல் சாதாரண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது பெரிய உதவி. ஆனால் எங்கள் ஏழு மணி பஸ்ஸுக்குத் தெரியாது. பெட்ரோலுக்குச் செலவழிக்க இயலாத ஆயாமாரும் சமையல்கட்டுப் பெண்களும் இன்னும் சைக்கிளில்தான் வருகிறார்கள். வண்டிகள் வேப்பமரத்தடியில் நிற்கின்றன. உச்சி வெயிலில் டயர் வெடிக்கிறது, மழையில் செயின் துருப்பிடிக்கிறது.

இருபது சைக்கிள் நிற்க ஒரு தகரக் கொட்டகை வேண்டும். வாட்ச்மேன் அறையில் காற்றடிக்கும் பம்பு ஒன்று இருக்கிறது. அதற்கும் வாஷர் மாற்றவேண்டும்.