மனத்தைப் பிணிக்கும் கயிறுகள்



எங்கோ ஒரு நாட்டில், ஒரு தலைவரை நம்பிப் பலர் தம் உடைமையைக் கொடுத்தனர், உற்றாரைத் துறந்தனர், இறுதியில் உயிரையும் இழந்தனர். இவ்வாறு ஒரு செய்தியைப் படித்ததும் நம் வாயில் வரும் முதற்சொல், "இப்படியும் ஏமாளிகள் உண்டா?" என்பதே. அவர்கள் வேறு, நாம் வேறு என்று எண்ணிச் செய்தித்தாளை மடித்து வைத்துவிடுகிறோம். அந்த வேற்றுமை உண்மையில் உண்டா என்பதை ஆராய்ந்து பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் சொல்லை வரையறுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'கல்ட்' என வழங்குவதை ஒரே சொல்லில் தமிழாக்குவது, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கும் எளிதாக இல்லை. 'சமயம்' என்றால் பொருள் மிகப் பெரிதாகிவிடுகிறது. 'மூடநம்பிக்கை' என்றால் வசையாகிவிடுகிறது. 'வழிபாட்டுக் குழு' என்றாலோ, மார்கழி மாதத்துப் பஜனைக் கோஷ்டியும் அதனுள் அடங்கிவிடுகிறது. ஆகவே இப்பேச்சில் 'மூடிய குழு' என்று குறிப்பிடுகிறேன். உள்ளே வரும் வாயில் அகலமாகவும், வெளியே செல்லும் வாயில் அடைபட்டும் இருப்பது எதுவோ அது மூடிய குழு. அதன் கொள்கை கடவுளைப் பற்றியதாக இருக்கலாம். அரசியலாகவோ உடல்நலமாகவோகூட இருக்கலாம். வாயிலின் அமைப்பே அதன் இலக்கணம்.

இத்தகைய குழுக்களுள் உலகம் நன்கறிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1950-களின் நடுவில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், ஜிம் ஜோன்ஸ் என்னும் இளம் போதகர் ஒரு சபையை நிறுவினார். 'மக்கள் ஆலயம்' என்பது அதன் பெயரின் பொருள். வெள்ளையரும் கறுப்பரும் பெரும்பாலும் தனித்தனி ஆலயங்களில் தொழுதுவந்த அக்காலத்தில், அவருடைய சபையில் இரு இனத்தாரும் அருகருகே அமர்ந்தனர். ஏழைகளுக்கு இலவச உணவு கிடைத்தது. முதியோருக்கு இல்லங்கள் நடந்தன. 1960-களின் தொடக்கத்தில் அந்நகரின் மனித உரிமைக் குழுவுக்கு அவரையே இயக்குநராக அமர்த்தினர். 1965-இல் சபை கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்தது. பின்னர், 1970-களில், தென் அமெரிக்காவிலுள்ள கயானா நாட்டின் காட்டுப் பகுதியில் நிலம் பெற்று, தலைவர் பெயராலேயே 'ஜோன்ஸ்டவுன்' என்ற குடியிருப்பை அமைத்தது. அங்கே 1978-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் 900-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் சிறுவர் சிறுமியர். பெரும்பாலோரைக் கொன்றது சயனைடு என்னும் கொடிய நஞ்சு.

சாவதற்காக எவரும் அச்சபையில் சேரவில்லை. இனப் பாகுபாட்டால் புண்பட்டவர் சமத்துவத்தைத் தேடிச் சேர்ந்தனர். தனித்திருந்தவர் துணையைத் தேடிச் சேர்ந்தனர். நாடிய பொருள் நல்லதே. ஆயினும் நல்லதை நாடிச் சென்றவர் எவ்வாறு அக்காட்டில் சிக்கினர்? உளநூல் ஆராய்ச்சி சுட்டிக்காட்டும் கயிறுகள் சிலவற்றைக் காண்போம்.

முதற்கயிறு அன்பு. ஒருவர் கொள்கையை ஆராய்ந்து, உண்மையென்று தெளிந்து, பிறகே குழுவில் சேர்கிறார் என்று நாம் நினைக்கிறோம். ஜான் லோஃப்லாண்ட், ராட்னி ஸ்டார்க் என்னும் சமூகவியல் அறிஞர் இருவர், அமெரிக்காவின் மேற்குக் கரையில் வேறொரு சிறு குழுவைக் கூர்ந்து கவனித்து, 1965-இல் தம் ஆய்வை வெளியிட்டனர். குழுவினரோடு நட்பு இறுகியவரும், வெளியாரோடு உறவு தளர்ந்தவருமே அங்கு நிலைத்தனர் என்பது அவர்கள் கண்ட உண்மை. நண்பர்கள் முன்னே வந்தனர். நம்பிக்கை பின்னே வந்தது. ஆதலால், கொள்கையிலுள்ள பிழையை எடுத்துக்காட்டிய அளவில் ஒருவர் வெளியேறிவிடுவார் என எதிர்பார்ப்பது வீண். அவர் கொள்கையை மட்டுமா விட வேண்டும்? தம் நண்பர் அனைவரையும் அல்லவா விட வேண்டும்!

இரண்டாம் கயிறு சிறு படிகள். 1966-இல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்போர் கலிபோர்னியாவில் ஒரு சோதனை நடத்தினர். இல்லத்தரசியரைத் தொலைபேசியில் அழைத்து, வீட்டில் புழங்கும் பொருள்களைப் பற்றிச் சில எளிய கேள்விகளை மட்டும் கேட்டனர். சில நாட்கள் கழித்து, "ஐந்தாறு பேர் உங்கள் வீட்டுக்கு வந்து, இரண்டு மணி நேரம் அலமாரிகளைத் திறந்து கணக்கெடுக்கலாமா?" என்று வினவினர். இந்தப் பெரிய வேண்டுகோளை மட்டும் நேரே கேட்டபோது, நால்வரில் ஒருவர்கூட இசையவில்லை. முன்பு சிறு வேண்டுகோளுக்கு இசைந்திருந்தவர்களிலோ பாதிக்கு மேற்பட்டோர் இசைந்தனர். மக்கள் ஆலயத்திலும் நிகழ்ந்தது இதுவே. முதலில் ஞாயிற்றுக்கிழமையில் சிறிது நேரம். பிறகு வருவாயில் ஒரு பங்கு. பிறகு இன்னும் பெரிய பங்கு. பிறகு வீடும் சேமிப்பும். முடிவில் கடல் கடந்த காடு. ஒவ்வொரு படியும் முந்திய படியைக் காட்டிலும் சற்றே உயரம், அவ்வளவுதான்.

மூன்றாம் கயிறு கொடுத்த விலை. ஒருவர் ஒன்றுக்காக மிகுதியாக இழந்துவிட்டால், அது பயனற்றது என ஒப்புக்கொள்ள அவர் மனம் மறுக்கிறது. செயலும் எண்ணமும் முரண்படும்போது, மனம் எண்ணத்தை வளைத்தாவது முரணைத் தீர்க்க முயலும் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் விளக்கினார். 1959-இல் ஆரன்சனும் மில்ஸும் அதைச் சோதித்தனர். கல்லூரி மாணவியர் சிலரை, நாணத்தக்க ஒரு தேர்வுக்கு உட்படுத்திய பின்னரே ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர்த்தனர். மற்றவரை எளிதாகவே சேர்த்தனர். அவர்கள் கேட்ட உரையாடலோ வேண்டுமென்றே சுவையற்றதாக ஆக்கப்பட்டது. ஆயினும், துன்பப்பட்டுச் சேர்ந்தவர்களே அதைச் சுவையானதென்று மிகுதியாகப் பாராட்டினர். ஒரு பிற்பகல் நாணத்துக்கே இத்தனை வலிமை இருக்குமானால், பத்தாண்டு வாழ்க்கையையும் பரம்பரை வீட்டையும் கொடுத்தவர் நிலையை எண்ணிப் பாருங்கள். "நான் ஏமாந்தேன்" என்னும் இரு சொற்களுக்கு அவர் கொடுக்க வேண்டிய விலை, தம் கடந்தகாலம் முழுவதும் ஆகும்.

நான்காம் கயிறு மற்றவரின் மௌனம். 1950-களில் சாலமன் ஆஷ் என்ற அறிஞர், அட்டையில் வரைந்த கோடுகளின் நீளத்தை ஒப்பிடுமாறு கேட்டார். குழந்தையும் விடையிறுக்கும் வினா அது. ஆனால் உடனிருந்தோர் அனைவரும், முன்னேற்பாட்டின்படி, ஒரே தவறான விடையை உரைத்தனர். அவர்களிடையே அமர்ந்த உண்மையான மாணவர், அவ்வேளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை, தம் கண்ணை நம்பாமல் கூட்டத்தோடு சேர்ந்து தவறான விடையையே கூறினார். ஆனால் அக்கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் போதும். இவ்வாறு பணிவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. நேயர்கள் இவ்வொன்றை நினைவிற்கொள்ள வேண்டுகிறேன். பெரும்படை தேவைப்படவில்லை, ஒரு துணை போதுமானதாக இருந்தது.

மூடிய குழு அஞ்சுவது அந்த ஒரு துணைக்கே. ஜோன்ஸ்டவுனில் கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டனர். கடிதங்களைப் பிரித்துப் படித்தனர். ஒருவர் குறையை மற்றொருவர் தெரிவிக்கப் பழக்கினர். தலைவரின் குரல் ஒலிபெருக்கியில் ஓயாது ஒலித்தது. ஐயம் எழுந்தவர் பலர் இருந்திருப்பர்; ஆனால் ஐயுற்றவன் தான் ஒருவனே என்று ஒவ்வொருவரும் நம்பும்படி ஆக்கப்பட்டது.

இறுதி நாளில் நிகழ்ந்தவற்றைப் பதிவுசெய்த ஒலிநாடா ஒன்று உண்டு. அதில் ஒரு பெண்மணி எழுந்து, குழந்தைகள் வாழத் தகுதியுடையவர்கள், வேறு வழி காணலாம் என்று வாதாடுகிறார். கூட்டத்தினர் ஒருவர்பின் ஒருவராக எதிர்த்துப் பேசி அவரை அடக்கிவிடுகின்றனர். சுற்றிலும் ஆயுதம் தாங்கிய காவலரும் இருந்தனர். கைக்குழந்தைகளுக்கோ தேர்வுரிமை என்பதே இல்லை. ஆகவே அந்நிகழ்ச்சியைத் தற்கொலை என்று மட்டும் கூறுவது இறந்தவர்களுக்கு நீதியாகாது. அதே நாள் காலையில், சிறுவர்களையும் உடன்கொண்டு, 11 பேர் காட்டு வழியே நடந்து தப்பினர் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் தனித்தனியே செல்லவில்லை. ஒருவரையொருவர் நம்பிச் சேர்ந்தே சென்றனர்.

கல்வி நம்மைக் காக்கும் என்று கருதுவோரும் உளர். ஜப்பான் நாட்டில் ஓம் ஷின்ரிக்கியோ என்னும் குழுவினர், 1995-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள், டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்னும் நச்சுவாயுவைப் பரப்பினர். ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர், 14 உயிர்கள் பலியாயின. நஞ்சைப் பரப்பிய ஐவருள் ஒருவர் தேர்ந்த இதய மருத்துவர்; மற்றவர்களும் அறிவியல் பயின்றவர்கள். படித்தவர்க்குத் தம் நம்பிக்கையை நிலைநாட்டும் காரணங்களைக் கண்டுபிடிக்கும் திறமை கூடுதலாக இருக்கிறது. திறமை இரு பக்கமும் வெட்டும்.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மொழி புதிது, உணவு புதிது, மாலையில் பேச ஆளில்லாத அறை. இவற்றோடு நகரத்தில் வந்திறங்கும் இளைஞரை நாம் அனைவரும் அறிவோம். முதலில் எவர் பெயர்சொல்லி அழைத்துச் சோறிடுகிறாரோ, அவர் சொல்லுக்கு அங்கே எடை மிகுதி. பெரும்பாலும் அந்தக் கை நல்ல கையே. தமிழ்ச் சங்கமும், கோயிலும், சக ஊழியரும் அவ்வாறு எத்தனையோ பேரைத் தாங்கியிருக்கின்றனர். சில வேளைகளில் அது வேறு கையாகவும் அமைந்துவிடுகிறது.

எங்கள் அலுவலகத்தில் முன்பு பணியாற்றிய ஓர் இளைஞர், தென்கோடியிலுள்ள சிற்றூரிலிருந்து வந்தவர், இப்படிப்பட்ட குழு ஒன்றில் சேர்ந்தார். வேலையை விட்டார், தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டார். தந்தையார் நேரில் வந்து சினந்து பேசினார். மைத்துனர் நூல்களைக் காட்டி வாதிட்டார். இரண்டினாலும் அவர் மேலும் விலகினார். அவருடைய அக்காள் மட்டும், குழுவின் முகவரிக்கு மாதந்தோறும் ஓர் அஞ்சலட்டை எழுதிவந்தார். அதில் குழுவைப் பற்றி ஒரு சொல்லும் இராது. கிணற்றில் நீர் ஊறியது, பசு கன்று ஈன்றது, பிள்ளை எட்டாம் வகுப்புத் தேறினான் என்பன போன்ற செய்திகளே இருக்கும். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. நான்காம் ஆண்டு ஒரு நாள் அவ்விளைஞர் ஊர் திரும்பினார். பின்னொரு முறை என்னிடம் அவர் கூறியது இது: "சார், அங்கே இருப்பது தவறு என்று எனக்கு முன்பே தெரியும். போவதற்கு ஓரிடம் இருக்கிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. அக்காள் கார்டு வந்துகொண்டே இருந்ததால் தெரிந்தது."

நேயர்களே, நம்மவர் ஒருவர் இவ்வாறு சிக்கியிருந்தால் செய்யவேண்டுவது என்ன என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான விடையை நான் அறியேன். ஏளனம் செய்தால், வெளியுலகம் பகை என்று தலைவர் சொன்னது மெய்யாகிவிடும். உறவை அறுத்தால், அவர் அறுக்க நினைத்த கயிற்றை நாமே அறுத்துக் கொடுத்தவராவோம். பணம் கேட்டால் மறுக்கலாம்; கொள்கையை ஏற்காமலும் இருக்கலாம். ஆனால் பொங்கலுக்கு ஒரு வாழ்த்தும், தாயின் உடல்நலம் பற்றி ஒரு வரியும் நின்றுவிடக் கூடாது. திரும்பி வரும் நாளில், "அன்றே சொன்னேனே!" என்ற சொல் வாயிற்படியில் அவருக்காகக் காத்திருக்கவும் கூடாது.

நாமே ஓர் அமைப்பில் சேர்ந்திருந்தால், அது மூடிய குழுவா என்று அறியவும் வழியுண்டு. அங்கே கேள்வி கேட்டவர் மறுவாரமும் மரியாதையோடு நடத்தப்படுகிறாரா? வரவு செலவுக் கணக்கு எல்லோருக்கும் காட்டப்படுகிறதா? வீட்டாரோடு பேசுவதை யாரேனும் தடுக்கிறார்களா? விலகிப்போனவர் ஒருவரைப் பற்றி நல்ல சொல் ஒன்றேனும் அங்கே சொல்லப்படுகிறதா? இவற்றுக்கு வரும் விடைகள் நன்றாயின், அங்கு அச்சமின்றித் தொழலாம், பாடலாம், தொண்டு செய்யலாம். விடைகள் நன்றல்லவாயின், எவ்வளவு இனிய பாடலும் நம்மை அங்கே நிறுத்தலாகாது.

நகரத்துக்குப் புதிதாக வந்த நம்மூர்ப் பிள்ளை ஒருவன் உங்கள் தெருவிலோ அலுவலகத்திலோ இருக்கக்கூடும். வரும் ஞாயிற்றுக்கிழமை அவனை உணவுக்கு அழையுங்கள். கொள்கை எதையும் போதிக்க வேண்டா. ஊர்ப் பேச்சுப் பேசுங்கள். அடுத்த வாரமும் அழையுங்கள்.