செடிவேலியும் மதிலும்: ஹாம்ப்ஸ்டெட் சொல்லும் கதை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

மேற்குப் பக்கச் செடிவேலியை எடுத்துவிட்டு மதில் கட்டலாமா என்று பேசப் போகிறோம். அதற்கு முன் லண்டன் கதை ஒன்று, ஐந்து நிமிடம்.

கோல்டர்ஸ் கிரீனுக்குச் சுரங்க ரயில் வரப்போகிறது என்றதும், அங்கிருந்த திறந்தவெளி வீடுகளாகிவிடுமே என்று பதறியவர் ஹென்ரியட்டா பார்னெட். ஒயிட்சாப்பல் ஏழைகளிடையே கணவரோடு பல ஆண்டுகள் பணியாற்றியவர். 80 ஏக்கரைப் பொதுவெளியாகக் காப்பாற்றினார். பக்கத்தில் 243 ஏக்கரில் 1907இல் ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப் தொடங்கியது. வரைபடம் ரேமண்ட் அன்வின். நடுச் சதுக்கம் லட்யன்ஸ். பின்னாளில் புதுடெல்லியை வடிவமைத்தாரே, அவரேதான்.

சாலை அகல விதிகள் குறுக்கே நின்றதால் 1906இல் தனிச் சட்டமே வாங்கினார்கள். ஏக்கருக்குச் சராசரி 8 வீடு. எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே 50 அடி. சின்னத் தெருக்கள் குறுகலாக இருக்கலாம், மிச்ச இடம் தோட்டத்துக்கு. மனைகளுக்கு நடுவே மதில் கூடாது, செடிவேலிதான்.

நம்மைப் போல் அடுக்ககமும் உண்டு. 1909இல் பெய்லி ஸ்காட் வடிவமைத்த வாட்டர்லோ கோர்ட், வேலைக்குப் போகும் தனிப் பெண்களுக்கானது. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பொதுச் சாப்பாட்டுக் கூடம்.

எல்லா வருமானக்காரரும் அக்கம்பக்கமாக வாழ வேண்டும் என்று பார்னெட் நினைத்தார். அது மட்டும் நிலைக்கவில்லை. இன்று அங்கே ஒரு தொழிலாளி வீடு வாங்க முடியாது. வேலி மட்டும் அழகாக இருக்கிறது.

நம் வேலியின் நடுவில் ஒரு சின்ன கேட் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். மதில் வரைபடத்தில் அது இல்லை. அதையும் குறித்துவிட்டு ஓட்டுக்கு விடும்படி கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன்.