சுவிசேட கவிராயர் வேதநாயக சாஸ்திரியார்

(செஞ்சியில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் சிலருக்கு வியப்பளித்தல் கூடும். கிறிஸ்தவப் புலவர் ஒருவரைக் குறித்து நம் சங்கத்திற் பேசுவதேன் என வினவலாம். தமிழுக்குத் தொண்டு செய்தாரைச் சமயம் நோக்கி விலக்குதல் தமிழ் கற்றார்க்கு அழகன்று என்பது ஒரு விடை. குலாபிமானம் எந்த எல்லையில் நிற்றல் வேண்டும் என்பதை அவர் வாழ்விலிருந்து நாம் அறியலாகும் என்பது மற்றொரு விடை. இவ்விரண்டனுள் பின்னதே நம் சங்கத்திற்குப் பெரிதும் வேண்டுவது.

பல்லாயிரவர் கூடும் கிறிஸ்தவ சபைகளைப் பெருநகரங்களில் இன்று காண்கின்றோம். போதகரே பாடகராயும் பாட்டியற்றுவோராயும் அங்கு நிற்கின்றார். சுரண்டையிற் பிறந்து, வங்கியில் உத்தியோகம் பார்த்து, பின்னர்ப் பெருங்கூட்டங்களிற் போதித்தும் பாடியும் பெயர் பெற்ற தினகரன் (1935–2008) அவர்களை அறியாதார் சிலரே. இம்முறை முழுவதும் மேனாட்டிலிருந்து நேற்று வந்ததெனப் பலர் கருதுவர். இருநூறு ஆண்டுகட்கு முன்னரே தஞ்சையில் ஒரு தமிழர் பாட்டும் போதனையும் ஒன்றாக்கி ஊர் ஊராய்ச் சென்று வழங்கினார். அவரே வேதநாயக சாஸ்திரியார். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து, பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு. மாணவர் இவ்விருவரையும் மயங்கலாகாது.

சாஸ்திரியார் 1774-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் வேளாளர் குலத்திற் பிறந்தார். தந்தையார் அருணாசலம் பிள்ளை. கிறிஸ்தவராகித் தேவசகாயம் எனப் பெயர் பூண்டவர். மைந்தருக்கு முதலில் இட்ட பெயர் வேதபோதகம் என்பது. ஜெர்மானியப் போதகராகிய சுவார்ட்ஸ் ஐயர் திருநெல்வேலிக்கு வந்தபோது, பன்னிரண்டு வயதளவினராயிருந்த இச்சிறுவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி பயிற்றினார். தரங்கம்பாடியிலும் இவர் கற்றார். வேத சாஸ்திரத்தோடு வானநூலும் பூகோளமும் அங்கு அவருக்கு வாய்த்தன. பின்னர் இளமையிலேயே தஞ்சைக் கிறிஸ்தவ கலாசாலைக்குத் தலைமையாசிரியரானார். அவர் குருப்பட்டம் பெற்றவரல்லர். நம்மைப் போன்ற பள்ளியாசிரியரே.

சுவார்ட்ஸ் ஐயரிடம் கற்ற மற்றொருவர் இரண்டாம் சரபோஜி மன்னர். 1677-ல் நம் செஞ்சிக் கோட்டையைக் கைக்கொண்ட சிவாஜி மகாராஜாவின் தம்பி ஏகோஜி நிறுவிய தஞ்சை அரசிற்குத் தத்துரிமையால் வந்தவர் இவர். 1798-ல் அரியணையேறி 1832 வரை வாழ்ந்தார். புலவரும் புரவலரும் ஒரே ஆசான் நிழலில் வளர்ந்த தோழர். அரசவைக்கேற்றவாறு பிற தெய்வத்தைப் பாடுமாறு மன்னர் கேட்க, இயேசுவையன்றிப் பாடேன் எனச் சாஸ்திரியார் மறுத்தாரென்றும், மன்னர் அதனாற் சினந்திலர் என்றும் கிறிஸ்தவர் வழங்கும் கதை ஒன்றுண்டு.

சாஸ்திரியார் இயற்றிய நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டன என்பர். அவற்றுள் தலைசிறந்தது பெத்லகேம் குறவஞ்சி. குற்றாலக் குறவஞ்சி கற்றார்க்கு இந்நூலின் நெறி எளிதில் விளங்கும். தலைவன் உலா வருதல், தலைவி மையல் கொள்ளுதல், குறத்தி குறி சொல்லுதல், சிங்கன் வேட்டையாடிச் சிங்கியைத் தேடுதல் என்னும் உறுப்புக்கள் யாவும் இதனுள் உள. தலைவன் இயேசு, தலைவி சீயோன் குமாரத்தியாகிய தேவமோகினி, சிங்கன் வேட்டை ஆன்மாக்களைச் சேர்க்கும் போதகர் தொழிலாகின்றது. இதனினும் வியப்பு, ஞாயிற்றைப் பூமி முதலிய கோள்கள் சுற்றிவரும் என்னும் கோப்பர்நிக்கசின் கொள்கையையும் அந்நூலுள் அமைத்துப் பாடியமை. பாட்டின் வாயிலாகப் பாமரர்க்கும் புதிய அறிவு சென்றது. கும்மியும் கீர்த்தனையும் அவர் கையில் உபாத்தியாயரின் கரும்பலகையாயின.

இனி அவர் வாழ்வின் கசப்பான பகுதிக்கு வருகின்றோம். 1820-க்குப் பின் தஞ்சைக்கு வந்த இளம் மிஷனரிமார் பழைய வழக்கங்கள் பலவற்றை மாற்றப் புகுந்தனர். சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் நான்கு குறைகளை எடுத்துரைத்தனர். பெப்ரீஷியஸ் ஐயரின் பழைய வேத மொழிபெயர்ப்பை நீக்குதல் ஒன்று. திருமணம் முதலியவற்றில் பூக்களை விலக்குதல் ஒன்று. தமிழ்க் கீர்த்தனைகளைத் தள்ளுதல் ஒன்று. கோயிலுள் சாதிவாரியாகத் தனித்திருந்த மக்களை ஒன்றாகக் கலந்திருக்கச் செய்தல் ஒன்று. இப்பிணக்கினால் 1829-ல் அவர் தம் உத்தியோகத்தை இழந்தார். அப்போது அவருக்குக் கைகொடுத்து அரசவையில் ஆதரித்தவர் சரபோஜி மன்னரே.

அன்பர்களே! இந்நான்கு குறைகளையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. பாட்டைப் பற்றிய குறையில் நியாயம் முழுவதும் சாஸ்திரியார் பக்கமே இருந்தது. கிறிஸ்தவராதற்குத் தமிழ்ப் பண்ணையும் தாளத்தையும் துறக்க வேண்டும் என்றல் அறியாமை. காலமே இதற்குத் தீர்ப்புக் கூறிற்று. மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்த வெப் ஐயர் சாஸ்திரியாரின் பாடல்களையும் பிறர் பாடல்களையும் தொகுத்து 1853-ல் அச்சிட்டார். தள்ளப்பட்ட கீர்த்தனை கோயிலுள் மீண்டும் புகுந்தது. அதனைத் தம் கண்ணாற் கண்டு, 1864-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், எண்பத்தொன்பது வயது நிரம்பியவராய் அவர் தஞ்சையில் மறைந்தார். அவர் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன.

தனியிருக்கையைப் பற்றிய குறையோ வேறு. குலவேற்றுமை உலகியல் வழக்கு. ஐரோப்பாவிலும் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னும் வரிசை உண்டு. ஆன்ம ஈடேற்றத்திற்கு அது தடையன்று என அவர் வாதித்தார். உலகியல் வழக்காயின் அதனைக் கோயிலுள் கொணர்வதேன்? வாயிலுக்கு வெளியே விட்டு வரலாமன்றோ? மேலும், அவர் பாடிய குறவஞ்சியே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லுகின்றது. குறவஞ்சியில் உயர்குலத் தலைவி மலைக்குறத்தியின் முன் தன் கையை நீட்டுகின்றாள். குறத்தி அக்கையைப் பற்றிக் குறி கூறாவிடின் நூல் மேற்செல்லாது. ஏட்டில் கை தொட்டுப் பேச இடங்கொடுத்த பெரும்புலவர், ஆலயத்தில் ஒரே பாயில் இருக்க இடங்கொடுத்திலர். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதிவேற்றுமையை உடனே கைவிடுமாறு ஆணையிட்டபோது, தஞ்சை முதலிய இடங்களிற் பலர் சபையையே விட்டு நீங்கினர். இருக்கைக்காக வழிபாட்டையே துறக்கத் துணிந்தனர் என்றால், அப்பற்றின் வன்மையை என்னென்பது!

யாம் சாஸ்திரியாரைக் குறைகூற வந்தேமல்லேம். அவர் வேண்டியவற்றுள் எது பிறர்க்குப் பயன்பட்டதோ அது நிலைத்தது; எது பிறரை விலக்கியதோ அதனைப் போற்றுவார் இன்று இலர். நம் ஊரிலும் இதற்குச் சான்று உண்டு. 1714-ல் போரில் மாண்ட தேசிங்கு ராஜனின் கதையைக் கேட்போர், பாடுவோன் குலத்தையும் வினவுவதில்லை. அருகிருப்போன் குலத்தையும் வினவுவதில்லை. ராஜகிரி மேல் அரசர் பலர் மாறினர். கதைப்பாட்டு மாறவில்லை.

ஆதலின் இச்சங்கத்தார்க்கு யாம் ஒன்று விண்ணப்பித்துக் கொள்கின்றோம. நம் கட்டடத்தில் மாலைதோறும் நம் பிள்ளைகட்குத் தமிழ் வகுப்பு நடைபெறுகின்றது. அடுத்த தெருப் பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே நின்று செய்யுள் கேட்பதை உங்களிற் பலர் கண்டிருப்பீர். அவர்களை உள்ளே அழைத்து, நம் பிள்ளைகளோடு ஒரே பாயில் இருத்துதல் வேண்டும். பாய் போதாதெனின் வேறு பாய் வாங்குவோம். அதனைத் தனியே விரியாது, முன்னதனோடு சேர்த்தே விரிப்போம். நம் குலத்தின் பெயர் இதனாற் குறையுமென அஞ்ச வேண்டா. தமிழ் வழங்கிய குலம் என்னும் பெயரினும் உயர்ந்த பெயர் ஒரு குலத்திற்கு உண்டோ? பெரியோர்கள் இதனை வரும் நிர்வாக சபையில் ஆலோசித்து முடிவு செய்வார்களாக.