ஒரு வரிக்குள் புதைந்தவர்கள்



நான் 'ஸ்டார் வார்ஸ்' ரசிகன். ஹாலிவுட் வியாபாரம்தானேன்னு கேட்பீங்க. வியாபாரம்தான். ஆனாலும் 2016-இல் வந்த 'ரோக் ஒன்' பற்றிப் பேசியாக வேண்டும்.

1977-இல் ஜார்ஜ் லூகாஸ் எடுத்த முதல் படத்தின் தொடக்கத்தில் எழுத்துகள் மேலேறிப் போகும். அதிலே ஒரு செய்தி: பேரரசின் பேராயுதமான 'டெத் ஸ்டார்' வரைபடத்தைக் கலக ஒற்றர்கள் திருடிவிட்டார்கள். திருடினவங்க யாரு? பேரில்லை. முடிவில் லூக்குக்கும் ஹான் சோலோவுக்கும் பதக்கம். கூடவே சண்டை போட்ட சூபாக்காவுக்குக்கூடக் கிடையாது.

இந்தத் தொடர் பெரும்பாலும் ஸ்கைவாக்கர் குடும்பத்து வாரிசுக் கதை. கேரத் எட்வர்ட்ஸ் இயக்கிய 'ரோக் ஒன்' அந்த ஒரு வரியைத்தான் முழுப் படமாக விரிக்கிறது. ஜின், கேசியன், பேரரசை விட்டு ஓடிவந்த சரக்குக்கப்பல் ஓட்டி போதி. கலகக்காரர்களின் தலைமைச் சபை ஒத்துவரவில்லை; அனுமதியில்லாமலே கிளம்புறாங்க. கப்பலுக்கு என்ன பேருன்னு கேட்டதும், போதி அந்த நிமிசம் வாய்க்கு வந்ததைச் சொல்றான்: ரோக் ஒன். வரைபடம் போய்ச் சேருது. போன குழுவில் ஒருத்தரும் திரும்பவில்லை.

கடைசியில் டார்த் வேடர் வெட்டிக்கொண்டே வர்றான். கதவு சிக்கிக்கொள்கிறது. சாகப்போற சிப்பாய் ஒருத்தன் இடுக்கு வழியா வரைபடத்தை அடுத்தவன் கையில் தள்ளுறான். அவன் பேரை இந்தப் படமும் சொல்லவில்லை.

இனி 1977 படத்தைப் பார்த்தால், பதக்கக் காட்சிக்குக் கைதட்டுமுன் அந்த ஒரு வரியை நிறுத்திப் படிங்க, தோழர்களே.