ஆறு பருவமும் அடுக்கு ஆடையும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இதே மேடையில் கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேக் கோப்புகளோடு காலம் கழிக்கும் எங்களுக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நாங்கள் இலக்கியம் பேச வரவில்லை. தலைநகராகிய இத் தில்லியில் நாள்தோறும் மிதிவண்டியில் பணிக்குச் சென்று வரும் ஐந்தாறு எழுத்தர்களின் சார்பில், பட்டுத் தெளிந்த ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறோம். எந்தப் பருவத்தில் எந்த ஆடையை எந்த வரிசையில் உடுத்து வண்டி ஏறவேண்டும் என்பதே அது. பொருள் சிறிதுதான். ஆயினும் அதனை அறியாமையால் ஓர் இளைஞனின் கை ஒடிந்தது. அப்பிழையில் எங்களுக்கும் பங்கு உண்டு.

மெட்ரோ இரயில் ஓடும் ஊரில் மிதிவண்டி எதற்கு என்று கேட்கலாம். எங்கள் குடியிருப்பிலிருந்து மெட்ரோ நிலையத்துக்கு நடந்து செல்லும் நேரத்தில் மிதிவண்டியில் பாதி வழி சென்றுவிடலாம். மாதக் கடைசியில் சட்டைப்பையும் அதே வழியைத்தான் காட்டுகிறது.

2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் குளிரைத் தில்லிவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். அம்மாதம் 30-ஆம் நாள் பகலிலேயே வெப்பம் 9.4 டிகிரியைத் தாண்டவில்லை. அவ்வாண்டு ஐப்பசியில் தேர்வெழுதி வேலை பெற்று, நெல்லைச் சீமையிலிருந்து ஓர் இளைஞன் எங்கள் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தான். கையில் இரண்டு பருத்திச் சட்டையும் ஒரு போர்வையும் மட்டுமே கொண்டு வந்திருந்தான். பயணச்சீட்டு வழங்கும் பணி. காலை ஆறு மணிக்கு இருக்கையில் இருக்க வேண்டும். மார்கழி பிறந்ததும் அவன் நடுங்குவதைக் கண்டு மனம் பொறாமல், நாங்கள் காசு சேர்த்து நடைபாதைக் கடையில் பஞ்சு வைத்துத் தைத்த கனத்த கோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தோம். "இனி உனக்குக் குளிரே இல்லை, தம்பி" என்று தட்டிக்கொடுத்தும் அனுப்பினோம்.

நடந்தது என்ன? பருத்திப் பனியன், பருத்திச் சட்டை, மேலே அந்தக் கோட்டு. வேகமாக மிதித்தவனுக்குப் பத்து நிமிடத்தில் உடல் வியர்த்துப் பனியன் நனைந்தது. கோட்டைத் திறந்தால் உள்ளே காற்றைத் தடுக்க வேறொன்றும் இல்லை. வழியில் இரயில்வே கேட்டு மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று நகர்ந்து நகர்ந்து சென்றது. கால் மணி நேரம் நின்றதில், உள்ளே இருந்த வியர்வை பனிநீராக மாறியது. கையுறை இல்லாத விரல்கள் மரத்துப் போயின. கேட்டு திறந்ததும் சரிவில் இறங்கினான். மூடுபனிக்குள்ளிருந்து கைவண்டி ஒன்று குறுக்கே வந்தது. இடக்கை மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் எங்களைக் கண்டதும் அவன் சொன்ன சொல் இன்றும் காதில் ஒலிக்கிறது: "அண்ணே, பிரேக்கு இருந்தது, பிடிக்க விரல்தான் இல்லை."

அன்று மாலை ஊரிலிருந்து அவனுடைய தாயார் தொலைபேசியில் பேசினார். எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "நீங்கள் எல்லாம் அங்கே இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தானே ஐயா அனுப்பினேன்" என்று மட்டும் சொன்னார். கடிந்திருந்தால் எங்கள் மனம் சற்று ஆறியிருக்கும்.

அதன் பிறகே நாங்கள் ஆராயத் தொடங்கினோம். குளிரைத் தடுப்பது துணியின் கனம் அன்று. துணிகளுக்கு நடுவே சிறைப்பட்டு நிற்கும் காற்று. குளிர்பதனப் பெட்டியின் சன்னலை நம் இரயில்வே அன்பர்கள் நன்கு அறிவார்கள். அதில் ஒரு தடித்த கண்ணாடி இல்லை. நடுவே காற்று அடைபட்ட இரண்டு கண்ணாடிகள் உள்ளன. வெளிச் சூட்டை அது எளிதில் உள்ளே விடுவதில்லை. அதுபோல, ஒரு கனத்த ஆடையைவிட மூன்று மெல்லிய ஆடைகள் அதிக வெப்பத்தைக் காக்கும். அன்றியும், கனத்த ஆடையில் உள்ளவை இரண்டே நிலைகள்: போட்டிருப்பது, கழற்றுவது. மூன்று ஆடைகளில் ஒன்றைத் திறக்கலாம், ஒன்றைக் கழற்றலாம், மீண்டும் அணியலாம்.

மூன்றுக்கும் வேலை வேறு. உடலை ஒட்டிய முதல் ஆடை வியர்வையைத் தோலிலிருந்து அகற்றவேண்டும். குளிர்காலத்தில் இவ்விடத்துக்குப் பருத்தி ஆகாது. பருத்தி நீரை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நீரோ காற்றைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் விரைவாக உடற்சூட்டைக் கவர்ந்து செல்லும். மெல்லிய கம்பளியோ, கடைகளில் தெர்மல் என்று விற்கும் விரைவில் உலரும் உள்ளாடையோ ஏற்றது. இரண்டாம் ஆடை வெப்பம் காப்பது. மெல்லிய கம்பளிச் சுவெட்டர் போதும். கடுங்குளிரில் கையில்லாத சுவெட்டர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். கம்பளி சிறிது நனைந்தாலும் முற்றிலும் கைவிடாது. மூன்றாம் ஆடை காற்றைத் தடுப்பது. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், இலையசையாத நாளிலும் பதினைந்து கிலோமீட்டர் எதிர்க்காற்றைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். அதற்கு, முன்புறம் சிப்பு வைத்த மெல்லிய விண்டுசீட்டர் வேண்டும். மேட்டில் ஏறும்போது அதைத் திறக்கவேண்டும்; சரிவிலும் கேட்டிலும் மூடவேண்டும்.

இவற்றோடு விரலுக்குக் கையுறை, காலுக்குக் கம்பளி உறை. கையுறை அணிந்தபடியே பிரேக்கைப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். காதை மூடும் குல்லாய், பின்னால் வரும் லாரியின் ஒலியைக் கேட்கவிடாத அளவுக்குத் தடித்திருத்தல் ஆகாது. மப்ளரின் நுனி வெளியே தொங்கக்கூடாது. சக்கரம் அதை இழுத்தால் கழுத்தையும் சேர்த்தே இழுக்கும். வாயிலில் நிற்கும்போது சிறிது குளிர்ந்தால் ஆடை சரியாக இருக்கிறது என்று பொருள். அங்கேயே இதமாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்க்கும். அலுவலக மேசையறையில் உலர்ந்த பனியன் ஒன்று எப்போதும் இருக்கட்டும். சென்றதும் ஈரத்தை மாற்றிவிடவேண்டும்.

முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். ஊரில் இருந்தபோது முன்பனி, பின்பனி என்பவற்றைப் பெயராகவே மனப்பாடம் செய்தோம். அவை வேறு வேறு என்பதை இங்கு வந்த பிறகே எங்கள் தோல் அறிந்தது. மாதக் கணக்கு இங்கே சற்று முன்பின்னாக அமையும். எனினும் பகுப்பு பயன்படத்தான் செய்கிறது.

பின்பனியில், அதாவது மாசி பங்குனியில், விடியலில் குளிரும், பிற்பகலில் வியர்க்கும். இதுவே அடுக்கு ஆடையின் அருமை தெரியும் காலம். காலையில் மூன்றும் அணிந்து சென்று, மாலையில் ஒன்றோடு திரும்பலாம். கழற்றியவற்றை வைக்க வண்டியின் கேரியரில் ஒரு பை கட்டிக்கொள்ளவேண்டும். நண்பகல் வெயிலை நம்பிக் கம்பளியை வீட்டிலே விட்டுச் செல்வோர்தாம் இக்காலத்தில் இருமுகின்றனர் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்கின்றனர்.

வேனிலில் அடுக்கு ஒன்றாகக் குறையும். ஆனால் அது முழுக்கை உடையதாக, வெளுத்த நிறத்ததாக, தளர்ந்ததாக இருக்கவேண்டும். காற்றின் சூடு நம் தோலின் சூட்டை மிஞ்சும்போது, அக்காற்று உடலைக் குளிர்விப்பதில்லை, சுடுகிறது. வியர்வை ஆவியாவது ஒன்றே அப்போது காப்பு. பனிக்காலத்தில் பகையாக இருந்த பருத்தி, ஈரத்தைப் பிடித்துவைக்கும் அதே குணத்தால் இப்போது நட்பாகிறது. நனைத்த துண்டு ஒன்று கழுத்தில் கிடக்கட்டும். 2024-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவாயிற்று. அன்று நாங்கள் வண்டிகளை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பினோம். எந்த ஆடையும் காக்காத நாளும் உண்டு என்று அறிவதும் இந்தக் கல்வியில் அடக்கம்.

ஜூன் மாத இறுதியில் மழை வரும். அப்போது காற்றுப் புகாத மழைக்கோட்டை அணிந்து மிதிப்பவர் வெளியே நனையாவிட்டாலும் உள்ளே நனைந்துவிடுவார். இங்கு அம்மழை குளிர்ந்த மழை அன்று. ஆதலால் மாற்றுடையை நீர் புகாத பையில் கட்டிக்கொண்டு, மெல்லிய ஆடையில் நனைந்து சென்று மாற்றிக்கொள்வதே நலம். கோட்டு வேண்டுவோர் அக்குளிலும் முதுகிலும் காற்றோட்டம் உள்ளதை, எட்டத்தில் தெரியும் நிறத்தில் தேர்ந்துகொள்க. 2024 ஜூன் 28 காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அத்தகைய நாளில் பாலத்தடி நீரில் இறங்குவோர்க்கு எந்தக் கோட்டாலும் பயன் இல்லை.

மழை ஓய்ந்து தசரா கழிந்ததும் விடியற்காற்றில் ஒரு குளுமை தோன்றும். அப்போதே கையில்லாத சுவெட்டரை வெயிலில் உலர்த்தி எடுத்து வைக்கவேண்டும். தீபாவளியை ஒட்டிப் புகை சூழும். துணியின் அடுக்கு புகையைத் தடுக்காது, கைக்குட்டை போதாது. முகத்தோடு பொருந்திய என்-95 கவசம் ஓரளவு உதவும். புகை மிகுந்த நாளில் மெட்ரோவே நலம்.

பெரியோர்களே! பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று போற்றுகிறோம். கொடை மனம் பெரிது. ஆனால் நாங்களும் அன்போடுதான் அந்தக் கனத்த கோட்டைக் கொடுத்தோம். அன்போடு சிறிது விவரமும் சேர்ந்திருந்தால் அந்தக் கை ஒடிந்திராது.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். ஆண்டுதோறும் நம்மவருள் பலர் ஓய்வு பெற்றோ, மாற்றலாகியோ தெற்கே திரும்புகின்றனர். மதுரைக்கும் சிதம்பரத்துக்கும் கம்பளிச் சுவெட்டர் எதற்கு? அங்கே பெட்டியில் பூச்சிதான் அரிக்கும். அவற்றைத் துவைத்துச் சங்கத்தில் விட்டுச் செல்லுங்கள். ஒரு மரப்பெட்டி போதும். ஐப்பசியில் புதிதாக வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு, உள்ளாடை, சுவெட்டர், விண்டுசீட்டர், கையுறை என வரிசையாக எடுத்துக் கொடுத்து, உடுத்தும் முறையையும் நாங்களே சொல்லித் தருகிறோம். முதல் ஆடையை மட்டும் புதிதாக வாங்க எங்கள் அறுவரின் பங்கை இன்றே அளிக்கிறோம்.

அந்த இளைஞனின் கை கூடிவிட்டது. இப்போது மார்கழி விடியலில் எங்களுக்கு முன்னால் செல்பவன் அவன்தான். கேட்டு மூடியிருந்தால், "அண்ணே, சிப்பைப் போடுங்கள்" என்று எங்களுக்கு நினைவூட்டுகிறான். அவனுடைய தாயார் நம்பி அனுப்பிய அந்த 'நீங்கள் எல்லாம்' என்பதில் இந்தச் சங்கமும் அடங்கும் என்று நாங்கள் கருதுகிறோம்.